சத்தம் போடாத பிராசசர்

அந்தக் கடையில் யாரும் நிம்மதியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட முடியாது. உள்ளே நுழைந்ததும் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் நீலம் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் நின்றால் சிவப்பு பிடித்துக்கொள்வான். தெரியாத்தனமாகக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது.

நீலம், சிவப்பு என்பதெல்லாம் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற பிராசசரைச் செய்யும் கம்பெனிகளில் ஒன்றுக்கு அடையாளம் நீலம், அதன் போட்டிக் கம்பெனிக்குச் சிவப்பு. அக்காள் புருஷனான நீலம் பதினைந்து வருடமாக நீலக் கம்பெனியைத் தவிர வேறெதையும் கையால் தொட்டதில்லை. அவருடைய மச்சினனான சிவப்பு சிவப்புக் கம்பெனியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து ஒரே கடையை நடத்தினார்கள் என்பதுதான் கூத்து. தெரு வைத்த பட்டப்பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கேற்ற மாதிரி நீலம் நீலச் சட்டையாகவே வாங்குவார், சிவப்பு சிவப்புச் சட்டையாகவே வாங்குவான். சட்டைக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

"எங்க ஆளு சும்மா இருந்தான்னா இருக்கிற இடமே தெரியாது மாப்ள. உங்க ஆளு சும்மா இருக்கும்போதும் புலம்பிக்கிட்டே இருப்பான்" என்பார் நீலம், பிராசசரைத்தான் அப்படி.

"வேலைன்னு வந்தா தெரியும் மாமா. எங்க ஆளு எவ்வளவு வேலை குடுத்தாலும் பனிக்கட்டி. உங்க ஆளு மேல தோசைக்கல்லு வைக்கலாம்" என்பான் சிவப்பு.

இந்த இரண்டு வசனத்தையும் பதினைந்து வருடமாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தவள் ஒருத்தி உண்டு. நீலத்துக்கு மனைவி, சிவப்புக்கு அக்கா. அவளுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. சின்ன வயதிலிருந்தே கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பாள். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். பள்ளியில் அதற்காக வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் அதுவே அவளுக்குத் தொழிலாகிவிட்டது. ஒலிப்புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு மூன்று வருடமாகச் சின்னச் சின்னக் கட்டுரைகள் படித்துக் கொடுத்து வந்தாள். இப்போது முதல்முறையாக ஒரு முழு நாவல் கைக்கு வந்திருந்தது. நானூறு பக்கம். ரயில் ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதை. புத்தகம் வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், சொல்லி மாளாது.

வீட்டில் ஒரு சின்ன அறைக்குச் சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, தரையில் மெத்தையைப் போட்டு, மைக் வைத்திருந்தாள். அதே அறையில்தான் கம்ப்யூட்டரும் இருந்தது. அதை வெளியே வைத்துக் கம்பியை உள்ளே இழுத்தால் கதவு சாத்தாது, தெரு முழுக்க உள்ளே வந்துவிடும். சுவரில் ஓட்டை போடலாம் என்றால் வீட்டை வாடகைக்கு விட்டவர் ஓட்டை என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆகவே ரேடியோ படிப்பாள், கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கும்.

முதல் அத்தியாயத்தைப் படித்து அனுப்பினாள். சனிக்கிழமை காலை பதில் வந்தது. பதிப்பகத்தில் ஒலியைச் சரிபார்க்கிற மனிதருக்கு எல்லோரும் வைத்த பெயர் காதுக்காரர். மூன்றாவது மாடியில் கொசு இருமினாலும் கேட்டுவிடும் என்று பேர் வாங்கியவர். அவர் போனிலேயே பேசினார்.

"அம்மா, குரலுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா முதல் வரியே என்ன? 'எங்கும் ஒரு சத்தமும் இல்லை.' நீங்க அதைச் சொல்லும்போதே பின்னாடி மாவு மில்லு ஓடுது."

"அது கம்ப்யூட்டர் ஃபேன் சார். ரொம்பப் பழசு."

"தெரியுதும்மா. சத்தத்தை நீங்க சாஃப்ட்வேர்ல சுத்தம் பண்ணிப் பார்த்திருக்கீங்க, அதுவும் தெரியுது. சுத்தம் பண்ணினதுல உங்க குரலும் கொஞ்சம் தேஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமான ஒரு அத்தியாயம் குடுங்க. இல்லன்னா வேற குரல் பார்க்கச் சொல்லிட்டாங்க. எனக்கே மனசு கேக்கல, அதான் போன் பண்ணினேன்."

ரேடியோவுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடம் வாயைக் கட்டி, தொண்டையைக் காப்பாற்றி, குளிர்ந்த தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்து, கடைசியில் ஒரு ஓட்டை ஃபேன் வந்து வேட்டு வைக்கிறதே! சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். சொன்னது தப்பாகப் போய்விட்டது.

"இதுக்குப் போயா அழுவுற? நாளைக்கே நம்ம ஆளை இறக்கிடறேன்" என்றார் நீலம்.

"அக்கா, அவர் பேச்சைக் கேட்டியோ, மாவு மில்லு போயி ரைஸ் மில்லு வரும். நான் பண்ணித் தரேன்" என்றான் சிவப்பு.

"ரைஸ் மில்லா? யாரைப் பார்த்துடா சொல்ற?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை கோர், எவ்வளவு சூடு, காசுக்கு எது லாபம் என்று தட்டில் சாப்பாடு காய்ந்துபோகிற வரை கத்தினார்கள். ரேடியோ மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்! ஆளுக்கு ஒரு பெட்டி கட்டிக்கிட்டு வாங்க. ரெண்டும் ஒரே விலையில இருக்கணும். வியாழக்கிழமை காலையில கொண்டு வந்து வெச்சுட்டுக் கடைக்குப் போயிடணும். நான் தனியா உக்காந்து காதால கேட்டுப் பார்த்து முடிவு சொல்றேன். உங்க நம்பரெல்லாம் எனக்கு வேணாம்."

"தோத்தவன்?" என்றார் நீலம், கண்ணை உருட்டிக்கொண்டு.

"தோத்தவன் ஒரு மாசம் ஜெயிச்சவன் கலர்ல சட்டை போட்டுக்கிட்டுக் கடையில உக்காரணும்" என்றான் சிவப்பு.

"சம்மதம்."

"உங்களுக்குச் சிவப்பு நல்லாத்தான் இருக்கும் மாமா" என்று கையைக் கழுவப் போனான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரும் கடையின் நடுவில் கோட்டுக்கு மேலே ஒரு துணியைக் கட்டிவிட்டார்கள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியக் கூடாதாம். வாடிக்கையாளர்கள் துணிக்கு அடியில் குனிந்து போய் வந்தார்கள். ரேடியோ வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் இரண்டு கோடு என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். அது தலையை அழுத்தினால் மூக்கு வழியாகக் கரி முள் வெளியே வருகிற மெல்லிய பென்சில். அது இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது.

திங்கட்கிழமை அந்தப் பென்சிலைக் காணோம். வீடு முழுக்கத் தேடினாள். மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தால், நீலம் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, விளக்கடியில் குனிந்து, அவளுடைய பென்சிலை வைத்துக்கொண்டு எதையோ நிமிண்டிக்கொண்டிருந்தார். அதில் முள்ளே இல்லை. வெறும் ஊசி மூக்கைக் கொண்டு நிமிண்டுகிறார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே மூடிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க, என் பென்சிலை வெச்சுக்கிட்டு?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஸ்க்ரூ வளைஞ்சு போச்சு."

ஸ்க்ரூ வளையுமா? அவர் முகத்தில் திருட்டுக்களை சொட்டியது. பந்தயக்காரர் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் தம்பி வந்து சாப்பிட்டான். எழுந்து கைக்குட்டையை உருவும்போது அவன் சட்டைப் பையிலிருந்து தரையில் ஒன்று விழுந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி.

"இது உங்க மாமா டிராயர்ல நிறையக் கிடக்குமே. நீ எதுக்குடா இதைத் தூக்கிக்கிட்டு அலையற?"

"அது... குப்பைன்னு நினைச்சேன் அக்கா. குப்பையில போடறேன்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினான். குப்பையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு திரிகிறவனை ரேடியோ அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பெட்டிகளும் வந்து இறங்கின. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே உயரம். ஒன்றின் நெற்றியில் நீல ஸ்டிக்கர், இன்னொன்றின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர், இரண்டும் பளபளவென்று. கொண்டு வந்து வைத்தவர்கள் இருவரும் கதவருகில் நகராமல் நின்றார்கள்.

"பத்து மணிக்கு வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

முதலில் நீல ஸ்டிக்கர். போட்டுவிட்டு, மைக்கைத் திறந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சும்மா இருக்கிற கம்ப்யூட்டரின் சத்தத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும், அவள் படிக்கும்போது அது சும்மாதானே இருக்கும்? மெலிசாக ஒரு முணுமுணுப்பு கேட்டது. பழைய மாவு மில்லுக்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் இருக்கத்தான் செய்தது. அடுத்து அதற்கு முழு வேலை கொடுத்தாள். முப்பது பக்கக் குரலைச் சுத்தம் பண்ணச் சொன்னாள். பழைய கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் ஊளையிடுகிற வேலை அது. இது நாலு நிமிடத்தில் முடித்தது. அதே முணுமுணுப்புதான், ஒரு இம்மிகூட ஏறவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

அவளுக்கு எங்கேயோ இடித்தது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் பனிக்கட்டி என்பது தம்பி பாடுகிற பாட்டாயிற்றே!

சிவப்பு ஸ்டிக்கர் பெட்டியைப் போட்டாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. போடவே மறந்துவிட்டோமோ என்று கண்ணைத் திறந்து பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி கண்ணை மூடினாள். தன் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம்தான் வந்தது. இருக்கிற இடமே தெரியவில்லை! அப்புறம் முழு வேலையைக் கொடுத்தாள். மெல்லச் சூடேறி, ஃபேன் புஸ்ஸென்று கிளம்பியது. இருக்கிற இடமே தெரியாது என்பதும், தோசைக்கல் வைக்கலாம் என்பதும் யாருடைய ஆளைப் பற்றி?

ரேடியோ ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பென்சில் ஞாபகம் வந்தது. கறுப்பு மூடி ஞாபகம் வந்தது. இவர்களோடு பதினைந்து வருடம் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடவா தெரியாது? சிவப்புக்காரன் விற்கிற பிராசசருக்கு அடியில் நூற்றுக்கணக்கில் ஊசிக் கால்கள் இருக்கும். நீலத்தின் பிராசசர் அடியில் வழவழவென்று இருக்கும். அதற்குக் கால்கள் பிராசசர் உட்காருகிற போர்டில் இருக்கும், அதைக் காப்பாற்றத்தான் அந்தக் கறுப்பு மூடி. முள் இல்லாத பென்சில் மூக்குக்குள் நுழைத்து அவர் நிமிர்த்தப் பார்த்தது வளைந்துபோன ஊசிக் காலைத்தான், அது நீலத்தின் கையில் எங்கிருந்து வந்தது? வாழ்நாளில் கால் வைத்த பிராசசரைத் தொட்டறியாத மனிதர், வழக்கப்படி நங்கென்று மேசையில் வைத்து வளைத்திருப்பார். தம்பியோ, மூடி கழன்று வந்ததும் போர்டை உடைத்துவிட்டோம் என்று பயந்து அதைப் பையில் ஒளித்திருப்பான்.

இரண்டு திரையிலும் கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. நீல ஸ்டிக்கருக்குள் சிவப்பு உட்கார்ந்திருந்தது. சிவப்பு ஸ்டிக்கருக்குள் நீலம் உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவிங்களா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். போர்வைச் சுவர் அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அது சிரித்த கண்ணீர் மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பதினைந்து வருட வைராக்கியத்தை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவளுக்காக விட்டிருக்கிறார்கள். ஸ்டிக்கரை மட்டும் விட மனசு வரவில்லை, பாவம்.

நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். புதுப் பசை, அலுங்காமல் வந்தது. நீலத்தை எடுத்து அந்தப் பெட்டியிலும் சிவப்பை எடுத்து இந்தப் பெட்டியிலும் ஒட்டி, அழுத்தித் தேய்த்துவிட்டு, பெட்டிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இருவரும் ஏற்கெனவே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்க வாங்க. ஆளுக்கு அவங்கவங்க பெட்டிகிட்ட நில்லுங்க, முடிவு சொல்றேன்."

நீலம் விறைப்பாக நடந்து தன் பெட்டியிடம் போனார். அதன் நெற்றியில் சிவப்பு இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி தன் பெட்டியின் நெற்றியில் நீலத்தைப் பார்த்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தான். ஒவ்வொருவரும் தன் குட்டு மட்டும்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து, அடுத்தவர் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவே துணியவில்லை.

நீலம்தான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்ள, நீ சிரிக்கக் கூடாது. சத்தத்தைச் சுத்தம் பண்ணும்போது இவ தலையில கையை வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருப்பா. தினமும் பார்க்கறேன், என்னால தாங்க முடியல. எங்க ஆளை வெச்சுப் பார்த்தேன், கொதிக்கிறான். உங்க ஆளு... சூடே ஆகல. அதான். தோத்துட்டேன்னே வெச்சுக்கோ."

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். "அக்கா, நான் சொல்றேன், திட்டாத. நீ படிக்கும்போது நான் எத்தனையோ தடவை கதவுக்கு வெளியில தரையில உக்காந்து கேட்டிருக்கேன். உன் குரலுக்குப் பின்னாடி அந்தச் சத்தம் வந்தா எனக்கு எரிச்சலா வரும். நீ படிக்கும்போது கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு? எங்க ஆளு சும்மா இருக்கும்போது வாயை மூட மாட்டேங்கறான். மாமாவோட ஆளுதான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். "இருங்க. மாமா, நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"நீ என்ன சொன்ன?"

இருவரும் திரும்பி இரண்டு பெட்டிகளையும் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீலத்தின் மீசை துடித்தது. முதலில் யார் சிரித்தார்கள் என்று ரேடியோவுக்குத் தெரியாது. அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் மெத்தைமேல் சரிந்து, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். தம்பி மாமாவின் முதுகில் அடித்தான். மாமா அவன் தலையில் குட்டினார்.

"காலை வளைச்சுட்டீங்களா மாமா? எத்தனை?"

"பதினொண்ணு. எண்ணி எண்ணி நிமித்தினேன். அது என்னடா பிராசசர், பூரான் மாதிரி இத்தனை காலு!"

"மூடி படார்னு தெறிச்சுது, போர்டு செத்துப்போச்சுன்னே நினைச்சேன்."

"அது தெறிக்கத்தாண்டா செய்யும், மடையா! என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"உங்களைக் கேக்கறதா?" என்றான் தம்பி. மறுபடி சிரித்தார்கள்.

"சரி, முடிவைச் சொல்லு. யார் ஜெயிச்சது?" என்றார் நீலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டு பெட்டியும் எனக்கு வேணும்" என்றாள் ரேடியோ. "படிக்கிறதுக்குத் தம்பி கட்டினது. சுத்தம் பண்றதுக்கு நீங்க கட்டினது, அதை வெளியில கூடத்துல வைங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் ஆளுகிட்ட இன்னொருத்தர் தோத்துட்டீங்க. சட்டைக்கு வழி பண்ணுங்க."

அன்று மதியம் அவள் படிக்க உட்கார்ந்தபோது வீடே அடங்கியது. கூடத்தில் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டார் நீலம். தம்பி வாசலில் நின்று, வருகிற போகிற சைக்கிளையெல்லாம் கையைக் காட்டி மெதுவாகப் போகச் சொன்னான். தபால்காரரைப் படி ஏறவே விடவில்லை. ரேடியோ பென்சிலை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மூக்கு கோணிப்போயிருந்தது, முள்ளும் இல்லை. இருந்தாலும் அதுதான் வேண்டும் என்றிருந்தது. மைக்கைத் திறந்து, கோடு போட்ட இடத்தில் மூச்சை இழுத்து, "எங்கும் ஒரு சத்தமும் இல்லை" என்று படித்தாள். அடுத்த வரிக்குப் போவதற்கு முன் இரண்டு கோடு இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாள். இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினாள். அவள் மூன்று முறை வீட்டைப் பெருக்கி முடித்தபோது, மதியம் போன் வந்தது.

"அம்மா, முதல் வரியைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டேன்" என்றார் காதுக்காரர். "என் காதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சு வேற ஹெட்ஃபோன் மாத்தியும் கேட்டேன். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. மீதி அத்தியாயத்தையும் படிச்சு அனுப்புங்க, புத்தகம் உங்களுதுதான்."

ரேடியோ கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஆமா, என்ன பிராசசர்மா போட்டீங்க? நீலமா, சிவப்பா? எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரே சண்டை."

அவள் போனைக் காதோடு பிடித்தபடியே செய்தியைச் சொல்லக் கடைக்கு ஓடினாள். நடுவில் கட்டியிருந்த துணியைக் காணோம். வெள்ளைக் கோட்டின் மேலேயே இரண்டு நாற்காலி போட்டு, சிவப்புச் சட்டையில் நீலமும் நீலச் சட்டையில் சிவப்பும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு வாடிக்கையாளர் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"சார், அதை என்கிட்ட கேக்காதீங்க" என்றாள் ரேடியோ போனில். "என் வீட்டுல யார் நீலம், யார் சிவப்புன்னு எனக்கே தெரியல."